இலை சுருண்டால் உரப் பொட்டலத்தை எடுக்காதீர்கள்: வீட்டுக்குள் வளரும் செடியில் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

செடியில் இலை சுருண்டதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார்கள், மறுநாளும் அப்படியே இருந்தால் ஒரு ஸ்பூன் உரம், அதற்கு அடுத்த நாள் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பூச்சி மருந்து. நாலாம் நாள் செடி முன்பைவிட மோசமாக இருக்கும், எது மோசமாக்கியது என்றும் தெரியாது.

நானும் இப்படி ஒரு மிளகாய்ச் செடியைக் கொன்றிருக்கிறேன். அதில் கொழுந்து மட்டும் சுருங்கி முறுக்கிக்கொண்டு வந்தது. கொழுந்தில் வந்தால் கால்சியம் குறைபாடு என்று எங்கோ படித்தது மனதில் ஒட்டிக்கொண்டிருந்ததால் மூன்று வாரம் கால்சியமாகக் கொடுத்துத் தள்ளினேன். கடைசியில் வேறு வேலைக்கு எடுத்த லென்ஸை சும்மா இலையின் அடிப்பக்கம் வைத்துப் பார்த்தால், கண்ணாடித் துணுக்கு போல ஏதோ ஒன்று நகர்கிறது. சிலந்தி! சுவரில் வலை பின்னும் சிலந்தி இல்லை, செடியின் சாற்றை உறிஞ்சும் மிகச்சின்ன உயிரி. அதற்குள் பக்கத்துத் தொட்டிக்கும் போயிருந்தது.

எனவே சுருண்ட இலையைப் பார்த்த அன்று செடிக்கு ஒன்றும் செய்யாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். மேலிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடந்த பத்து நாளில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள்: தொட்டி இடம் மாறியதா, செடிக்கு வெளிச்சம் தரும் விளக்கைக் கீழே இறக்கினீர்களா, புது மண்கலவையா, புதிதாக ஒரு செடி வீட்டுக்குள் வந்ததா. பல சமயம் விடை இந்த யோசனையிலேயே கிடைத்துவிடும்.

எந்த இலை சுருண்டது?

மேல்நோக்கிச் சுருண்டால் இது, கீழ்நோக்கிச் சுருண்டால் அது என்று அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். அவை தவறில்லை. ஆனால் சுருள் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைவிட செடியில் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் ஒரே காரணம் இரண்டு வகைச் செடிகளில் இரண்டு திசையில் சுருட்டுவது உண்டு, இடம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

செடி முழுக்க, பழைய இலை புது இலை என்ற வித்தியாசம் இல்லாமல் ஓரிரு நாளில் சுருண்டிருந்தால், கோளாறு வேரில் அல்லது காற்றில். விளக்குக்கு மிக அருகில் இருக்கும் இலைகள் மட்டும் என்றால் விளக்கு. ஜன்னல் பக்கமோ ஏசி பக்கமோ ஒரு பக்கம் மட்டும் சுருண்டு மறுபக்கம் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் சூடோ குளிரோ காற்றோ. அடியிலுள்ள பழைய இலைகளில் தொடங்கி மெல்ல மேலே ஏறினால் சத்து விஷயமாக இருக்கலாம், அல்லது வெறும் வயதாக இருக்கலாம். பழைய இலை எல்லாம் அழகாக இருந்து கொழுந்து மட்டும் முறுக்கிக்கொண்டு, குட்டையாக, கோணலாக வந்தால் அதைத்தான் உடனே கவனிக்க வேண்டும்: சிலந்தி, இலைப்பேன், வைரஸ், கால்சியம், களைக்கொல்லி எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் முகம் காட்டும்.

இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகு திசைக்கு வரலாம். விளிம்புகள் மேலே எழும்பி இலை ஓடம் மாதிரி மடிந்தால், இலை தன்னிடமுள்ள நீரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது சூடு, அதிக ஒளி, வறண்ட காற்று, காய்ந்த மண். நுனி கீழே வளைந்து பறவை நகம் போல ஆனால், வேர் மூச்சுவிட முடியாமல் இருக்கலாம் அல்லது தழைச்சத்து (நைட்ரஜன்) அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். முறுக்கும் சுருக்கமுமாகத் திசையே இல்லாமல் இருந்தால் பூச்சியோ வைரஸோ என்று சந்தேகப்படுங்கள்.

தண்ணீர்: தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

காய்ந்துபோன செடியும் வேர் அழுகிய செடியும் மேலே பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரண்டிலுமே இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, முன்னதில் தண்ணீர் இல்லை, பின்னதில் அதை உறிஞ்ச வேர் இல்லை. இது புரியாமல்தான் அழுகிய வேருக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வீட்டுக்குள் மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருப்பது சகஜம். விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். பெரிய தொட்டி என்றால் ஒரு மரக்குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், ஈரம் எதுவரை இருக்கிறது என்று குச்சியே காட்டும். எனக்குப் பிடித்தது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நன்றாக நீர் விட்டவுடன் ஒரு முறை, காய்ந்தபின் ஒரு முறை தூக்கிப் பழகிவிட்டால் கை அந்த எடையை மறக்காது.

தொட்டி இலேசாக இருந்து, மண் ஓரத்திலிருந்து விலகி இடைவெளி விட்டிருந்தால், தாகம்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. தென்னை நார்க் கழிவோ பீட் எனும் மக்கிய பாசி மண்ணோ கலந்த கலவை ஒரேயடியாகக் காய்ந்துபோனால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும், நாமும் தண்ணீர் விட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்போம். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். தாகத்தில் சுருண்ட இலை பெரும்பாலும் அன்றைக்கே, போனால் மறுநாள், விரிந்துவிடும். விரியவில்லை என்றால் காரணம் வேறு.

தொட்டி கனமாக இருந்து இலை தொங்கினால் செடியைத் தொட்டியோடு சாய்த்து மெல்ல வெளியே எடுங்கள். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடம் வெளியே இருந்தால் செடி செத்துவிடாது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, கொழகொழவென்று, இழுத்தால் மேல்தோல் மட்டும் உரிந்து கையோடு வந்து நடுவில் நூல் போல மிஞ்சும். மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும், சாக்கடை வாடை.

வேர் இன்னும் அழுகாத நிலையிலேயே இலை தொங்குவதும் உண்டு. மண்ணில் காற்று இல்லாமல் போனால் வேரில் ஒரு வேதிப்பொருள் சேர்ந்து, அது தண்டு வழியே மேலே போய் எத்திலீன் வாயுவாக மாறுகிறது, அந்த வாயு இலைக்காம்பின் மேற்பக்கத்தை அதிகமாக வளர வைப்பதால் காம்பு கீழே வளைகிறது. தக்காளியில் இது நன்றாகத் தெரியும். வாடிய இலை கையில் துணி மாதிரி இருக்கும், இப்படி வளைந்த இலையோ விறைப்பாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிவதால் இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் தண்ணீரை நிறுத்தி, தட்டில் தேங்கியதைக் கொட்டி, மண்ணைக் காயவிட்டாலே போதும். அழுகல் தொடங்கியிருந்தால் கறுத்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, காற்றோட்டமான புதுக் கலவையில், முடிந்தால் முன்பைவிடச் சின்னத் தொட்டியில் வையுங்கள். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் அந்த மண் காயவே காயாது.

காற்றும் விளக்கும்

ஈரப்பதத்தைப் பற்றிப் பேசும்போது வெப்பநிலையை விட்டுவிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை. 20 டிகிரி செல்சியஸில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஓர் அறையை, ஈரம் எதுவும் சேர்க்காமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த 60 சுமார் 33 ஆக இறங்கிவிடும். காற்றிலுள்ள நீர் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சூடான காற்று இன்னும் அதிக நீரைத் தாங்கும் என்பதால் இலையிலிருந்து அதை உறிஞ்சுகிறது. ஹீட்டர் ஓடும் அறையிலும், விளக்குச் சூடு தேங்கும் மூடிய அலமாரியிலும் மண் ஈரமாக இருந்தும் இலை ஓடம் போல மடிவதற்கு இதுதான் காரணம். கலாத்தியா, மராண்டா என்ற அழகு இலைச் செடி வகைகள் இதில் மிகவும் தொட்டாற்சிணுங்கிகள், 50 சதவீதத்துக்குக் கீழே போனாலே சில இலைகளைச் சுருட்டிக்கொள்ளும்.

இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும், மிஞ்சுவது இலைப்புள்ளி நோய்க்கான வாய்ப்புதான். செடிகளை நெருக்கி வைப்பது, ஈரப்பதம் கூட்டும் கருவி வைப்பது, ஏசி காற்று நேரே படாமல் நகர்த்துவது இவை உதவும். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி இலைகளின் உயரத்திலேயே வைத்துப் பாருங்கள், அறையின் மறுமூலையில் இருக்கும் அளவு செடிக்குத் தெரியாது.

விளக்குக்கு ஒரு சோதனை: மேல் இலை இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து அரை நிமிடம் வையுங்கள். கைக்குச் சூடு உறைத்தால் இலைக்கும் உறைக்கும். ஆனால் எல்இடி விளக்கு இந்தச் சோதனையில் ஏமாற்றும், சூடு தெரியாமலே ஒளி அளவுக்கு மீறிப் போகலாம். அப்போது விளக்குக்கு நேர் கீழேயுள்ள இலை மடிந்து, நிறமும் வெளுத்து, கீழேயுள்ள இலைகள் மட்டும் பச்சையாக இருக்கும். விளக்கை ஒரு சாண் உயர்த்துங்கள் அல்லது வெளிச்சத்தின் அளவைக் குறைத்துப் பாருங்கள். ராத்திரியும் சேர்த்து 24 மணி நேரம் விளக்கு எரிய விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தக்காளி தொடர்ந்து ஒளியில் இருந்தால் இலை வெளுத்துச் சேதமாகிவிடும். அதற்கு இருட்டும் வேண்டும்.

மின்விசிறி செடிக்கு நல்லது, ஆனால் ஒரே இலை மேல் நாள் முழுக்க அடித்தால் அந்த இலை மட்டும் சுருண்டு விளிம்பு காயும். அடுத்து, பழுக்கும் பழங்களுக்குப் பக்கத்தில் செடியை வைக்காதீர்கள், பழம் விடுவதும் அதே எத்திலீன்தான்.

லென்ஸ் இல்லாமல் பூச்சி இல்லை என்று சொல்லாதீர்கள்

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ இவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கொழுந்தைத் திருப்பினால் கூட்டமாக இருக்கும், இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், செடியை ஆட்டினால் வெள்ளை ஈ பறக்கும். சிக்கல் மற்ற மூன்றில்தான்.

த்ரிப்ஸ் என்று பலரும் சொல்லும் இலைப்பேன், ஊசி மாதிரி மெலிந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இலையைச் சுரண்டி உறிஞ்சுவதால் வெள்ளி பூசினாற்போலத் திட்டுகளும் அதன் மேல் கறுப்புப் புள்ளிகளாக எச்சமும் இருக்கும். சிவப்புச் சிலந்தி அரை மில்லிமீட்டர்தான், இலையில் ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், முற்றினால் காம்புக்கிடையில் மெல்லிய வலை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அது தூசி இல்லை.

மூன்றாவதுதான் என் மிளகாய்ச் செடியைக் கொன்ற முரணைச் சிலந்தி. 0.2 மில்லிமீட்டர் அளவு, வெறும் கண்ணுக்கு இல்லவே இல்லை, தாளில் தட்டினாலும் தெரியாது. 10 மடங்கு லென்ஸில் திணறித்தான் பார்க்கலாம், 40 மடங்கு, 60 மடங்கு காட்டும் சின்ன நுண்ணோக்கி இருந்தால் நல்லது. விரிந்த இலையில் தேடாதீர்கள், இன்னும் விரியாத கொழுந்தின் மடிப்பில் தேடுங்கள். கொழுந்து சிறுத்து, தடித்து, சொரசொரவென்று ஆகி, அடிப்பக்கம் தாமிர நிறமாக மின்னினால் லென்ஸ் இல்லாமலேயே இதைச் சந்தேகிக்கலாம். மிளகாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு பழைய அடையாளம் தெரியும்: இலைப்பேன் வந்தால் இலை மேல்நோக்கிச் சுருளும், முரணைச் சிலந்தி வந்தால் கீழ்நோக்கிச் சுருளும். இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும் என்பது வேறு, அதனால் வெள்ளை ஈ தெரிந்தால் இதையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பூச்சி என்று உறுதியானால் முதலில் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மோசமான கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி வெளியே போடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அசுவினிக்கும் சிவப்புச் சிலந்திக்கும் நிஜமாகவே வேலை செய்யும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கலக்கச் சில துளி சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். விளக்கை அணைத்த பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயோடு சேர்ந்து இலை கருகும். முட்டை பொரிந்து அடுத்த கூட்டம் வரும் என்பதால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை. முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நல்ல பலன் தரும், ஆனால் எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் அடிக்காதீர்கள், கடும் சூட்டிலும் வேண்டாம், மூடிய அறைக்குள்ளும் வேண்டாம், செடியை வெளியே எடுத்துப் போய் அடியுங்கள்.

சிலந்தி பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் பிராணி. சாதாரணப் பூச்சிக்கொல்லி பலவற்றுக்கு அது அசைந்து கொடுக்காது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், பிறகு சிலந்தி இன்னும் பெருகும். கையில் கிடைத்த மருந்தை அடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பூச்சி இல்லை, ஆனாலும் கொழுந்து கோணல்

கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலே போகும், ஒரு முறை பழைய இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பிக் கொழுந்துக்கு வராது. அதனால் பற்றாக்குறை முதலில் கொழுந்தில் தெரியும்: விளிம்பு கருகி, உள்நோக்கி வளைந்து, நுனி கொக்கி போல ஆகும். ஆனால் தொட்டியில் கால்சியம் இருந்தும் இது வரும், காற்றே அசையாத, புழுக்கமான இடத்தில் கொழுந்து நீரை வெளிவிட முடியாததால் கால்சியமும் அங்கே போய்ச் சேராது. கீரை வகைகளில் உள்கொழுந்து கருகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மெல்லிய காற்று கொழுந்தின் மேல் படும்படி விசிறியைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும், உரம் தேவைப்படாது.

வைரஸ் என்றால் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, நரம்பு மஞ்சளித்து, செடி குட்டையாக நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு செடியை எடுத்துப் போட்டுவிடுங்கள், அதை வெட்டிய கத்தரியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று தொழுவுரம். புல்வெளியில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் மாடு தின்று, சாணமாகி, மக்கிய பிறகும் வீரியத்தோடு இருக்கும். அந்த உரம் கலந்த மண்ணில் தக்காளி, அவரை வகைகளின் கொழுந்து பெரணி இலை மாதிரி சுருண்டு நீளும். புதிதாக வாங்கிய கலவை மேல் சந்தேகம் இருந்தால் ஒரு கோப்பையில் போட்டு நாலு பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். அதுவும் கோணலாக முளைத்தால் மண்ணை மாற்றுங்கள்.

உரம்

பட்டினியைவிட அஜீரணம்தான் வீட்டுச் செடிகளில் அதிகம். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படலம், இலை நுனி பழுப்பு, விளிம்பு சுருள்: உப்புச் சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி அடியில் வடியவிடுங்கள், அடுத்த உரத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு பாதி அளவில் தொடங்குங்கள். இலை கருமையான பச்சையில் பளபளத்து நுனி நகம் போல வளைந்தாலும் தழைச்சத்து கூடுதல் என்று இதையே செய்யலாம்.

கால்சியம் போன்ற சிலவற்றைத் தவிர, பற்றாக்குறை பெரும்பாலும் பழைய இலையில்தான் தொடங்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால் விளிம்பு மஞ்சளாகிக் கருகிச் சுருளும், மெக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும். சத்து வாங்கிப் போடுவதற்கு முன் அமில காரத் தன்மையை (pH அளவை) சோதியுங்கள், மண்கலவைக்கு 6 முதல் 7, நீரில் வளர்ப்பதற்கு 5.5 முதல் 6.5. அது விலகியிருந்தால் சத்து உள்ளேயே இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

நோயே இல்லாத சுருள்

மான்ஸ்டிரா, கலாத்தியா போன்றவற்றின் புது இலை குழலாகத்தான் பிறக்கும், பொறுமை இல்லாமல் கையால் பிரித்துக் கிழித்துவிடாதீர்கள். மராண்டா இரவில் இலையை மேலே தூக்கி மடக்கும், காலையில் விரிக்கும். காய் பிடித்த தக்காளியின் அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடித்திருந்தும் கொழுந்து நன்றாக இருந்தால் விட்டுவிடலாம், விளைச்சலுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, காரணம் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், ஒரு வாரம் காத்திருங்கள். தாகத்தைத் தவிர மற்றவற்றில் ஒரு முறை முறுக்கிய இலை பெரும்பாலும் நேராகாது, அதையே பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டு அடுத்த மருந்துக்குப் போய்விடாதீர்கள். சிகிச்சை தொடங்கிய அன்று உச்சிக் கொழுந்துக்குக் கீழே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி வையுங்கள், நூலுக்கு மேலே வரும் இலைகள் எப்படி இருக்கின்றன என்பது மட்டும்தான் கணக்கு. முரணைச் சிலந்தி செத்த பிறகும் அது செலுத்திய நச்சு சில வாரம் கொழுந்தைக் கோணலாக்கும் என்பதால் அதற்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுங்கள், இடையிடையே லென்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.